கார்டிஸ் தரவிலிருந்து கூட்டு ஆராய்ச்சி வலைப்பின்னல் வரைவது எப்படி

ஐரோப்பிய ஒன்றியம் ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் மானியங்களை கார்டிஸ் என்ற தரவுத்தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. எந்தத் திட்டம், அதில் எந்தெந்த நிறுவனங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை யூரோ, யார் தலைமை என எல்லாம் அதில் இருக்கும். 2014 முதல் 2020 வரை ஓடிய ஹொரைசன் 2020 என்ற ஆராய்ச்சி நிதி நிரலின் ஒதுக்கீடு ஏறக்குறைய 8,000 கோடி யூரோ. மானியங்கள் 35,000-க்கும் மேல். 2021-இல் தொடங்கிய ஹொரைசன் யூரோப்புக்குத் தொடக்கத்தில் ஒதுக்கியது 9,550 கோடி யூரோ. மக்களின் வரிப்பணத்தில் யார் யாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு ஒரு மடிக்கணினியிலேயே விடை தேட முடிகிற அளவுக்கு இந்தத் தரவு திறந்து கிடக்கிறது.

கோப்பை இறக்கி, வலைப்பின்னல் வரையும் கெஃபி மென்பொருளில் போட்டால் பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்துவிடும். நடுவில் ஒரு பெரிய நூல்கண்டு, ஓரங்களில் சிதறிய புள்ளிகள். அதை வைத்துக்கொண்டு எதையும் நம்பிச் சொல்ல முடியாது. கோளாறு மென்பொருளில் இல்லை. எதை ஒரு ‘நிறுவனம்’ என்று எண்ணினோம், எதை ஒரு ‘தொடர்பு’ என்று எண்ணினோம் என்ற இரண்டு முடிவுகளை நாம் எடுக்காமல் விட்டோம். கோப்பு தன் போக்கில் எடுத்துவிட்டது. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்த இரண்டு முடிவுகளைப் பற்றியதுதான்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

மொத்த ஹொரைசன் 2020-ஐயும் வரைய முயல வேண்டாம். ஒரு துறையை எடுங்கள். இங்கே ஹைட்ரஜன், எரிபொருள் கலன் ஆராய்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஹொரைசன் 2020-இல் இதற்கென எரிபொருள் கலன் மற்றும் ஹைட்ரஜன் கூட்டு முயற்சி என்ற தனி அமைப்பு இருந்தது. அதன் அழைப்புகளின் தலைப்புக் குறியீடு எல்லாமே எஃப்சிஎச் என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். ஆகவே வடிகட்டுவது எளிது. 2021 இறுதியில் அந்த இடத்துக்குத் தூய ஹைட்ரஜன் கூட்டாண்மை வந்தது, குறியீடும் மாறியது. இரண்டு காலத்தையும் ஒப்பிடுபவர்கள் பழைய எழுத்துகளையே புதிய கோப்பிலும் தேடிவிட்டு, 2021-க்குப் பிறகு ஹைட்ரஜன் ஆராய்ச்சியே நின்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இந்தக் குறியீடு பிடிக்காத ஹைட்ரஜன் திட்டங்களும் உண்டு. போக்குவரத்து, எரிசக்தி அழைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். அவையும் வேண்டுமென்றால், கார்டிஸ் தரும் அறிவியல் துறை வகைப்பாட்டுக் கோப்பையோ திட்டச் சுருக்கத்தில் சொல் தேடலையோ கூடுதலாகப் பயன்படுத்தலாம். ஆனால் சொல் தேடலில் கிடைத்ததைக் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். சுருக்கத்தில் ஓரிடத்தில் ஹைட்ரஜன் என்று வந்தாலே அது ஹைட்ரஜன் திட்டமாகிவிடாது.

கூட்டுத் திட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் மானியங்களில் பெரும்பாலானவையும், மேரி கியூரி தனிநபர் உதவித்தொகைகளும் ஒரே நிறுவனத்துக்குப் போகிறவை. அவற்றில் தொடர்பே இல்லை. ஆராய்ச்சி மற்றும் புத்தாக்கச் செயல்பாடு, புத்தாக்கச் செயல்பாடு என்ற இரண்டு மானிய வகைகளில்தான் ஆராய்ச்சிக் கூட்டு பெரும்பாலும் இருக்கிறது. அவற்றுக்குப் பொதுவாகக் குறைந்தது மூன்று வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று நிறுவனங்கள் வேண்டும் என்பது விதி. ஒருங்கிணைப்பு மற்றும் ஆதரவு என்ற மூன்றாவது வகையில் மாநாடு, எதிர்காலப் பாதைத் திட்டம், கொள்கை அறிக்கை போன்ற வேலைகள் வரும். ஆய்வகக் கூட்டுறவைப் பார்க்கிறவர்கள் அதை ஒதுக்கிவிடுவது நல்லது.

கோப்பைத் திறக்கும்போது

தரவு சிஎஸ்வி வடிவில் ஒரு ஜிப் கட்டாக வரும். உங்களுக்கு வேண்டியவை இரண்டு: திட்டக் கோப்பு, நிறுவனக் கோப்பு. திட்டக் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு திட்டம். நிறுவனக் கோப்பில் ஒரு வரிக்கு ஒரு பங்கேற்பு. அதாவது ஒரே பல்கலைக்கழகம் 40 திட்டங்களில் இருந்தால் 40 வரிகள். இரண்டையும் இணைப்பது திட்ட எண்.

எக்செல்லில் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறக்காதீர்கள். புலங்களைப் பிரிப்பது காற்புள்ளி இல்லை, அரைப்புள்ளி. இந்திய அமைப்பில் உள்ள கணினியில் எல்லாம் ஒரே பத்தியில் கொட்டும். திட்டச் சுருக்கத்துக்குள்ளேயே அரைப்புள்ளியும் மேற்கோள் குறியும் இருப்பதால், எழுத்தை வெட்டிப் பிரிக்கும் குறுக்குவழிகளில் வரிகள் சரிந்துவிடும். எக்செல் எண் போலத் தெரிகிற எதையும் எண்ணாக மாற்றும். டிரெஸ்டனின் 01069 என்ற அஞ்சல் குறியீடு 1069 ஆகிவிடும். பைத்தானில் பாண்டாஸ் நூலகத்தைக் கொண்டு படியுங்கள்: பிரிப்பான் அரைப்புள்ளி, எல்லாப் புலமும் முதலில் எழுத்துச்சரமாக. பிறகு பணப் புலங்களை மட்டும் எண்ணாக மாற்றுங்கள். மாற்றும் முன் தசமத்துக்குப் புள்ளி இருக்கிறதா காற்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். காற்புள்ளியைத் தூக்கி எறிந்தால் 125000,5 என்பது பத்து மடங்கு ஆகிவிடும்.

நாட்டுக் குறியீட்டில் ஒரு பொறி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் கிரீஸை ஈஎல் என்றும், பிரிட்டனை யூகே என்றும் எழுதும். உலகத் தரத்தில் அவை ஜிஆர், ஜிபி. நீங்கள் வேறொரு நாட்டு அட்டவணையோடு இணைத்தால் இந்த இரண்டு நாடுகளும் சத்தமில்லாமல் காணாமல் போகும். இணைத்த பிறகு வரி எண்ணிக்கை குறைந்ததா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

நிறுவனம் என்றால் எது?

நிறுவனப் பெயரை அடையாளமாக வைக்கவே கூடாது. ஒவ்வொரு பங்கேற்பாளருக்கும் பிஐசி எனப்படும் ஒன்பது இலக்க எண் இருக்கிறது; அதுவே கணுவின், அதாவது படத்தில் ஒரு புள்ளியின், அடையாளம். பெயர் வெறும் முகப்புச் சீட்டு. ஆனால் அந்த எண்ணும் சட்டப்படியான நிறுவனத்தைத்தான் குறிக்கும், ஆய்வகத்தை இல்லை. இங்கேதான் படம் மிக அதிகமாகக் கோணுகிறது.

ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி அமைப்பைப் பாருங்கள். நாடெங்கும் எழுபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள். ஃபிரைபர்க்கில் சூரிய ஆற்றல், டிரெஸ்டனில் பீங்கான் தொழில்நுட்பம், ஆகனில் லேசர். சட்டப்படி எல்லாம் ஒரே சங்கம், பிஐசி எண் ஒன்றே, முகவரி மியூனிக். ஃபிரைபர்க் நிலையம் மாட்ரிட்டோடும், டிரெஸ்டன் நிலையம் ஆஸ்லோவோடும் வேலை செய்தால், உங்கள் படத்தில் மாட்ரிட்டையும் ஆஸ்லோவையும் இணைக்கும் மாபெரும் பாலமாக மியூனிக் நிற்கும். நிஜத்தில் அந்த இரு குழுக்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். பிரான்சின் சிஎன்ஆர்எஸ், ஸ்பெயினின் சிஎஸ்ஐசி என்ற தேசிய ஆராய்ச்சி அமைப்புகள் இரண்டுக்கும் இதே கதைதான். ஒன்று பாரிஸில் குவியும், மற்றது மாட்ரிட்டில். நிலப்படத்தில் போட்டால் மியூனிக்கும் பாரிஸும் ஐரோப்பிய அறிவியலை விழுங்கிவிட்டது போலத் தெரியும். அந்தப் புள்ளிகள் தலைமையகத்தின் கணக்குப் பிரிவைக் காட்டுகின்றன, ஆய்வகங்களை இல்லை.

நார்வேயின் சின்டெஃப் இதற்கு நேர் எதிர். வெளியே ஒரே பெயரில் அறியப்படும் ஆராய்ச்சிக் குழுமம். தரவில் அறக்கட்டளை, சின்டெஃப் ஏஎஸ், சின்டெஃப் எனர்ஜி ஏஎஸ் எனத் தனித்தனி எண்கள். ஃபிரான்ஹோஃபர் ஊதிப் பெருத்துத் தெரிய, சின்டெஃப் துண்டு துண்டாகச் சிறுத்துத் தெரியும். இரண்டின் தரவரிசையை அப்படியே ஒப்பிட்டு எழுதுவது நியாயம் இல்லை.

மூன்றாவது சிக்கல் இணைப்புகளும் பெயர் மாற்றங்களும். 2018 ஜனவரியில் பியர் மேரி கியூரி பல்கலைக்கழகமும் பாரிஸ்-சார்போன் பல்கலைக்கழகமும் சேர்ந்து சார்போன் பல்கலைக்கழகம் ஆயின. 2020-இல் பாரிஸ்-சுத் இருந்த இடத்தில் பாரிஸ்-சாக்லே வந்தது. இதைக் கவனிக்காவிட்டால் ஒரு பழைய கூட்டாளி மறைந்து, ஒரு புதியவர் எங்கிருந்தோ முளைத்ததாகப் படம் சொல்லும்.

செய்ய வேண்டியது இது. ஒரு சிறிய அட்டவணை தயாரியுங்கள்: இடப்பக்கம் பிஐசி எண், வலப்பக்கம் நீங்கள் கொடுக்கும் குழு எண், மூன்றாவது பத்தியில் ஏன் சேர்த்தீர்கள் என்ற காரணம். 2019-இல் தொடங்கிய ரோர் என்ற திறந்த நிறுவனப் பதிவேட்டில் தாய்-சேய் உறவுகள் இருக்கின்றன; அது பெரிய உதவி. எல்லா நிறுவனத்தையும் சரிபார்க்க வேண்டாம். பங்கேற்பு எண்ணிக்கையில் முதல் 100 இடங்களைக் கையால் பார்த்தால் போதும். படத்தை வளைப்பவை அவைதான். ஃபிரான்ஹோஃபரைப் பிரிக்க கார்டிஸில் நம்பகமான புலம் இல்லை. ஆகவே அதை வைத்தும், எடுத்தும் இரண்டு முறை கணக்கிட்டு, முடிவு எவ்வளவு மாறுகிறது என்று சொல்லுங்கள்.

பங்கு என்ற புலத்தையும் பாருங்கள். ஒருங்கிணைப்பாளர், பங்கேற்பாளர் தவிர, மூன்றாம் தரப்பு என்றும் வரும். பிரெஞ்சு கூட்டு ஆய்வகங்களில் சிஎன்ஆர்எஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும். அதே ஆய்வகத்தில் பங்குள்ள பல்கலைக்கழகம் அதன் மூன்றாம் தரப்பாக வரும். ஒரே கட்டடத்தில் இருப்பவர்களை இரண்டு கூட்டாளிகளாக எண்ணுகிறோமா என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். நாடு தாண்டிய கூட்டுறவு உங்கள் கேள்வி என்றால், மூன்றாம் தரப்பை விட்டுவிடுவது பாதுகாப்பானது.

தொடர்பு என்றால் எது?

நிறுவனக் கோப்பிலிருந்து திட்ட எண், குழு எண் இரண்டை மட்டும் எடுத்து, இரட்டை வரிகளை நீக்குங்கள். அந்த அட்டவணையை அதனோடேயே, திட்ட எண்ணை வைத்து இணையுங்கள். நான்கு பேர் இருக்கும் ஒரு திட்டம் 16 வரிகளாகும்: தன்னோடு தான் சேர்ந்தவை நான்கு, ஒவ்வொரு ஜோடியும் இரண்டு முறை. இடப்பக்க எண் வலப்பக்க எண்ணைவிடச் சிறியதாக இருக்கும் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டால் 6 வரிகள் மிஞ்சும். அவையே இணைப்புகள்.

உடனே ஒரு சோதனை. ஒவ்வொரு திட்டத்துக்கும் பங்காளிகள் n என்றால் இணைப்புகள் n(n-1)/2. எல்லாத் திட்டங்களுக்கும் இதைக் கூட்டி, உங்கள் வரி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஒன்று வித்தியாசப்பட்டாலும் நின்றுவிடுங்கள். பெரும்பாலும், குழு எண் கொடுத்த பிறகு ஒரே நிறுவனம் ஒரே திட்டத்தில் இரண்டு முறை வந்திருக்கும்.

இனி எடை, அதாவது ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு வலுவானது என்ற எண். 3 பேர் திட்டம் 3 இணைப்புகளைத் தரும். கிராஃபீன் ஃபிளாக்ஷிப் என்ற பெரும் ஆராய்ச்சி முயற்சி மாதிரி நூறு பங்காளிகளைத் தாண்டும் திட்டங்களும் உண்டு. 150 பேர் என்றால் 11,175 இணைப்புகள். ஒரே ஒரு திட்டம், மூன்று பேர் சேர்ந்த 3,725 திட்டங்களுக்குச் சமமாக நிற்கும். நடுவில் தெரிந்த நூல்கண்டு பெரும்பாலும் இதனால்தான். 150 பேரில் எந்த இருவரும் நெருங்கி வேலை செய்திருக்கும் வாய்ப்பு, 3 பேரில் இருவர் செய்திருக்கும் வாய்ப்பைவிட மிகக் குறைவு என்பது பொது அறிவு. மார்க் நியூமன் 2001-இல் இணையாசிரியர் வலைப்பின்னலுக்காக முன்வைத்த எடை இதைச் சரிசெய்கிறது: ஒவ்வொரு இணைப்புக்கும் 1/(n-1). 4 பேர் திட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் 1/3. 150 பேரில் 1/149. எந்தத் திட்டமானாலும் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 1 மட்டுமே கிடைக்கும். சோதனையும் எளிது: ஒரு திட்டத்தின் மொத்த எடை n/2.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதலில் ஜெர்மன் நிறுவனங்களை மட்டும் வடிகட்டிவிட்டுப் பிறகு n-ஐ எண்ணினால், 30 பேர் திட்டம் 2 பேர் திட்டமாகி, எடை 1/29-க்குப் பதில் 1 ஆகிவிடும். n-ஐ முழுத் தரவில் எண்ணி, ஒரு பத்தியில் சேமித்த பிறகே வடிகட்டுங்கள்.

ஒருங்கிணைப்பாளரை மட்டும் மற்றவர்களோடு இணைக்கும் நட்சத்திர முறையும் உண்டு. அதில் n-1 இணைப்புகளே வரும். யார் கூட்டணி அமைக்கிறார்கள் என்பது கேள்வியானால் இதுவே நேர்மையான படம்.

இணைப்புக்குப் பணத்தை எடையாக வைக்காதீர்கள். பணம் ஒன்றியத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் வழியாக ஒவ்வொருவருக்கும் போகிறது; இரண்டு பங்காளிகளுக்கு நடுவே ஓடுவதில்லை. பணம் புள்ளியின் அளவில் இருக்கட்டும். அங்கும் நிகரப் பங்களிப்பு என்ற புலத்தையே எடுங்கள். மற்ற பங்களிப்புப் புலத்தில் மூன்றாம் தரப்புக்குப் போனதும் சேர்ந்திருக்கும். சுழி இருந்தால் வேலை செய்யவில்லை என்று பொருள் இல்லை. ஹொரைசன் யூரோப்பின் முதல் ஆண்டுகளில் சுவிட்சர்லாந்து இணைநாடாக இல்லை. பிரிட்டன் 2024 ஜனவரியில்தான் இணைந்தது. அதுவரை அந்நாட்டு ஆய்வாளர்கள் பலர் சொந்த அரசின் பணத்தில் பங்கேற்றார்கள். இந்திய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஹொரைசன் 2020-இன் நீர் ஆராய்ச்சி அழைப்பில் இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இந்தியப் பங்காளிகளின் செலவை ஏற்றன. பணத்தை வைத்து வடிகட்டினால் அவர்கள் அத்தனை பேரும் படத்திலிருந்து அழிந்துவிடுவார்கள்.

பெரியவர்கள் சந்திப்பது இயல்பு

10,000 திட்டங்களில் ஒரு நிறுவனம் 400-இலும் இன்னொன்று 300-இலும் இருந்தால், எந்த நட்பும் இல்லாமலே ஏறக்குறைய 12 திட்டங்களில் ஒன்றாக வருவார்கள்: 400×300/10,000. அவர்கள் 15 திட்டங்களில் சேர்ந்திருந்தால் அதில் பேச ஒன்றும் இல்லை. 20 திட்டங்கள் உள்ள ஒரு சிறு நிறுவனமும் 15 உள்ள இன்னொன்றும் எதிர்பார்ப்பு 0.03 இருக்கும்போது 5 முறை சேர்ந்தால், அங்கே உண்மையான உறவு இருக்கிறது. ஆகவே பகிர்ந்த திட்ட எண்ணிக்கையை எதிர்பார்ப்பால் வகுத்து, அந்த விகிதத்தையும் பக்கத்தில் வையுங்கள். விகிதத்தை மட்டும் நம்பினால், ஒரே ஒரு திட்டத்தில் சேர்ந்த மிகச் சிறியவர்கள் உச்சியில் வருவார்கள். பகிர்ந்த திட்டம் குறைந்தது 3 என்ற வரம்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவுகளைப் படிக்கும்போது இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கூட்டணியும் தானாகவே முக்கோணங்களை உண்டாக்கும். எனவே கொத்துக் குணகம் (ஒருவரின் கூட்டாளிகள் தங்களுக்குள்ளும் இணைந்திருக்கும் அளவு) உயர்ந்திருக்கிறது, இது நெருக்கமான சமூகம் என்று எழுதினால், நீங்கள் கண்டது உங்கள் கணக்குமுறையின் நிழல். அடுத்தது இடைமை, அதாவது யார் பாலமாக நிற்கிறார்கள் என்ற அளவு. பைத்தானின் நெட்வொர்க்எக்ஸ் நூலகம் இதற்கு எடையைத் தூரமாக எடுத்துக்கொள்ளும். எடையை அப்படியே கொடுத்தால் நெருங்கிய கூட்டாளிகள் தொலைவில் இருப்பதாகக் கணக்காகும். 1/எடை என்று தலைகீழாக்கிக் கொடுங்கள். கெஃபியின் இடைமைக் கணக்கோ எடையைப் பார்ப்பதே இல்லை.

வலைப்பின்னலில் நெருங்கி நிற்கும் நிறுவனங்களைக் குழுக்களாகப் பிரிக்க, 2008-இல் வந்த லூவேன் முறையைவிட 2019-இல் வந்த லைடன் முறை மேல். லூவேன் சில நேரம் உள்ளுக்குள் தொடர்பே இல்லாதவற்றை ஒரே குழுவில் போட்டுவிடும். எதுவானாலும் வெவ்வேறு தொடக்க எண்களோடு 50 முறை ஓட்டுங்கள். பெரும்பாலான முறை ஒன்றாகவே நின்ற நிறுவனங்களை மட்டும் குழு என்று அழையுங்கள்.

காலத்தை வரையும்போது திட்டத்தின் தொடக்க நாளிலிருந்து முடிவு நாள்வரை இணைப்பு உயிரோடு இருப்பதாக வையுங்கள். ஹொரைசன் 2020-இன் முதல் திட்டங்கள் பல 2015-இல்தான் தொடங்கின. கடைசித் திட்டங்கள் 2021-லும் தொடங்கின. ஒரே நிரலின் கோப்பை மட்டும் எடுத்தால் இரு முனைகளும் வெறிச்சோடித் தெரியும். முந்தைய ஏழாவது கட்டமைப்பு நிரலையும் பிந்தைய ஹொரைசன் யூரோப்பையும் ஒட்டினால்தான் உண்மையான ஏற்ற இறக்கம் தெரியும்.

வரைவது

கெஃபிக்கு இரண்டு அட்டவணைகள். இணைப்பு அட்டவணையில் சோர்ஸ், டார்கெட், வெயிட். கணு அட்டவணையில் ஐடி, லேபிள், நாடு, வகை. இறக்கும்போது திசையற்றது என்பதைத் தேர்ந்தெடுங்கள், வெயிட் எண்ணாக வந்ததா என்று பாருங்கள். புள்ளிகளுக்கு இடம் பிரித்துத் தரும் ஃபோர்ஸ்அட்லஸ் 2 அமைப்பை ஓட்டி, அசைவு அடங்கியதும் நிறுத்தி, மேற்பொருந்தாமை விருப்பத்தைக் கடைசியில் போடுங்கள். முதலிலேயே போட்டால் புள்ளிகள் சிக்கிக்கொள்ளும். நிறத்தைத் தரவில் உள்ள ஐந்து வகைக்குக் கொடுக்கலாம்: கல்வி நிறுவனம், ஆய்வு நிலையம், தனியார், பொது அமைப்பு, மற்றவை. பெயர்ச்சீட்டு 25-க்கு மேல் வேண்டாம்.

வேறு நாட்டுத் தரவுக்கு இதே படிகளை அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் மானியம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருக்கும். கூட்டுறவை வெளியீடுகளிலிருந்துதான் எடுக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய ஓபன்அலெக்ஸ் என்ற திறந்த வெளியீட்டுத் தரவுத்தளம் அதற்குப் பயன்படும். அங்கும் n மிகப் பெரிதாகும் ஆபத்து உண்டு: ஹிக்ஸ் போசான் நிறை பற்றிய 2015-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள், அதாவது ஒரே கட்டுரையில் 1,32,79,281 ஜோடிகள்.

படத்தை வெளியிடும் முன், தரவை இறக்கிய தேதி, எந்த மானிய வகைகள், மூன்றாம் தரப்பு உண்டா இல்லையா, எடைக் கணக்கு, கையால் சேர்த்த பிஐசி எண்களின் அட்டவணை ஆகியவற்றை அதனோடு வையுங்கள். கார்டிஸ் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. தேதி இல்லாவிட்டால் அடுத்தவரால் உங்கள் எண்ணை மீண்டும் எடுக்க முடியாது. பிறகு, மிக வலுவான 20 இணைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றின் திட்டப் பக்கங்களையும் திறந்து வாசியுங்கள். இரண்டு நிறுவனங்களும் அதில் ஒரே வேலையில் தெரிகின்றனவா, அல்லது ஒன்று மின்பகுப்புக் கலனும் மற்றது இணையதளமும் செய்கின்றனவா என்று பாருங்கள். ஐந்துக்கு மேல் இரண்டாவது வகையாக இருந்தால், மூன்றாம் தரப்பையும் மானிய வகையையும் வடிகட்டிய படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.